சிவப்புச் சாவி

இன்றைக்கும் அதே இடத்தில்தான். மூன்றாவது வளைவைத் திரும்பி, செங்குத்தான ஏற்றத்தில் டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தியபோது, அதுவரை திமிறிக்கொண்டு ஏறிய வண்டி சட்டென்று தளர்ந்துவிட்டது. மிதியைத் தரையோடு தரையாக அழுத்திப் பார்த்தான். இன்ஜின் ஓடியது, சத்தமும் இருந்தது, இழுவை மட்டும் இல்லை. பின்னால் வந்த லாரிக்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான்.

வண்டிக்குள் ஆறு நர்சுகளின் பேச்சும் ஒரே நேரத்தில் நின்றது. எல்லோரும் மலை மேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இரவு டியூட்டிக்குப் போகிறவர்கள்.

"ஆரம்பிச்சிருச்சா?" என்றார் முன் சீட்டில் இருந்த தலைமை நர்ஸ்.

"ஆமா சிஸ்டர்."

"நாங்க எறங்கி நடக்கணுமா?"

"வேணாம் சிஸ்டர். ஒரு நிமிஷம் இருங்க."

ஓரம் கட்டி, கைபிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்தான். மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத் திரும்பவும் சாவியைத் திருகினான். வண்டி ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பி, நல்ல பிள்ளையாக ஏறியது. அடுத்த வளைவில் திரும்பவும் விழுந்தது. இப்படி நின்று நின்று மேலே போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் வருகை பதிய விரல் வைக்கிற மெஷின் சிவப்பு விளக்கைக் காட்ட ஆரம்பித்திருந்தது. சிவப்பில் விரல் வைத்தால் அரை நாள் லீவாகக் கழித்துவிடுவார்கள். இரவு முழுக்க வேலை பார்த்தாலும் அரை நாள்தான்.

நர்சுகள் சாப்பாட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியாக இறங்கிய தலைமை நர்ஸ் கதவைச் சாத்தாமல் நின்றார்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். பிள்ளைங்க எத்தனை நாள்தான் அரை நாள் இழக்கும்?"

"நியாயம்தான் சிஸ்டர்," என்றான் அவன். நியாயம் என்று தெரிந்த பிறகு அதற்கு மேல் என்ன பேசுவது?

ஒவ்வொரு நாளும் இப்படி என்றாலாவது பரவாயில்லை. சில நாள் வண்டி சிரித்துக்கொண்டே மலை ஏறும். சில நாள் நான்கு இடத்தில் படுக்கும். எப்போது படுக்கும் என்று அதற்கே தெரியாது போல.

கீழே முதலாளியின் வண்டிக் கொட்டகைக்குத் திரும்பும்போது செய்தி அவனுக்கு முன்னால் வந்து காத்திருந்தது. முதலாளி கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் போன். ஆஸ்பத்திரி ஆபீசிலிருந்து பேசி முடித்திருப்பார்கள் என்பது அவர் உதட்டைக் கடித்த விதத்திலேயே தெரிந்தது.

"இன்னிக்குமா?"

"மூணாவது வளைவுல மொதலாளி. கூடவே அடுத்ததுலயும். டர்போ வேலை செய்யலேன்னு நெனைக்கறேன். காத்தை உள்ள தள்ளாம—"

"நீ நெனைக்க வேணாம். போன வாரம் நானே ஓட்டிப் பாத்தேன், மேல போய்ட்டு வந்தேன். ஒரு இடத்துலயும் நிக்கல. பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லைன்னான். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"எனக்குத் தெரியல மொதலாளி. ஆனா நிக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." முதலாளி எழுந்தார். "உனக்கு வயசாகுது. முட்டி வலின்னு நீயே சொன்ன. மேட்டு ரோட்டுக்குக் காலு நிக்கணும்யா. கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் கலக்கத் தெரியாம வண்டியத் திணறடிச்சா அது என்ன பண்ணும்?"

இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவனிடம் கிளட்ச் மிதிக்கத் தெரியாது என்று சொன்னால், அதற்கு வாயால் பதில் இல்லை.

"நாளைக்கு ஒரு நாள் தர்றேன். உனக்குத் தெரிஞ்ச எவன்கிட்டயாவது காட்டு. அவனும் ஒண்ணும் இல்லைன்னான்னா, சாவியக் குடுத்துட்டுப் போயிரு. வேற ஆள் கேட்டு வந்துட்டான். ஆஸ்பத்திரிக்காரங்களை என்னால இழக்க முடியாது."

அதைச் சொல்லிக்கொண்டே முதலாளி டிரைவர் சீட்டுக்குக் கீழே கையை விட்டார். அங்கே ஒரு சிவப்புச் சாவி இருந்தது. அதைத் திருகினால் பேட்டரியிலிருந்து வண்டிக்குப் போகிற கரண்ட் மொத்தமும் அறுந்துவிடும். அப்புறம் எந்தச் சாவி போட்டாலும் வண்டி அசையாது. பல வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு டிரைவர் ராத்திரியில் வண்டியைத் திருட்டுச் சவாரிக்கு எடுத்துப் போய்விட்டானாம். அதற்கு அடுத்த வாரமே எல்லா வண்டிக்கும் இந்தச் சிவப்புச் சாவி வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் வண்டி திரும்பியதும் முதலாளி தன் கையாலேயே அதைத் திருகி, உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். காலையில் அவர் வந்து போட்டால்தான் வண்டிக்கு உயிர்.

இந்த டிரைவர் ஒரு சொட்டு டீசல்கூடத் திருடியதில்லை. அதற்காகச் சாவியை உருவுவது நிற்கவில்லை.

வீட்டில் அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. விரல் நுனிகள் எப்போதும் காய்ந்து வெடித்திருக்கும். எண்ணெய் தடவிக்கொண்டே அவன் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"நாளைக்கு யார்கிட்ட காட்டப் போறீங்க?"

"அவசரத்துக்கிட்டதான்."

அவசரம் என்பது ஒரு மெக்கானிக்கின் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அவனிடம் வண்டி விட்டவர்கள் எல்லோரும் "அவசரம்ப்பா, அவசரம்ப்பா" என்று கத்திக் கத்தி அது அவனுக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. உலகத்தில் எந்த அவசரமும் அந்த மனிதனைத் தொட்டதில்லை.

மனைவி எண்ணெய்க் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது."

"கேளு."

"உங்க முட்டி... படி ஏறும்போது பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே. ஒருவேளை நீங்க மிதிக்கிறது உங்களுக்கே தெரியாம கொறையுதோ என்னமோ?"

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே கேள்வியை அவனும் இரண்டு வாரமாகத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தான். யாராவது வாய்விட்டுக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் பயந்துகொண்டிருந்தான். கேட்டது அவளாகப் போய்விட்டது.

"இல்ல," என்றான். கொஞ்சம் கழித்து, "தெரியல," என்றான்.

படுத்ததும் வலது பாதத்தைச் சுவரில் ஊன்றி மெல்ல அழுத்திப் பார்த்தான். சுவர் அசையவில்லை. கால் அழுத்துகிறதா இல்லையா என்று சுவரிடமிருந்து ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் அவள் விழித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும்.

காலையில் முதலாளி வந்து சிவப்புச் சாவியைப் போட்டுக் கொடுத்தார். காலைச் சவாரிக்கு வேறு வண்டியை அனுப்பிவிட்டிருந்தார். டிரைவர் நேராக அவசரத்தின் பட்டறைக்குப் போனான்.

பட்டறை என்றால் தகரக் கூரையும் எண்ணெய் குடித்துக் கறுத்த தரையும்தான். ஓரமாக ஒரு பழைய பஸ் சீட் கிடந்தது, வந்தவர்கள் உட்காருவதற்கு. அவசரம் ஒரு கண்ணாடி டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டு, கதை முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டுவிட்டு டீயைக் குடித்தான். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான்.

"பாப்போம்," என்றான் அவசரம்.

ஸ்கேனரை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டினான். வண்டியின் கம்ப்யூட்டரில் என்ன கோளாறு பதிவாகியிருக்கிறது என்று படித்துச் சொல்கிற சின்னப் பெட்டி அது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நின்றது.

"ஒண்ணுமில்ல," என்றான்.

பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான். டீசல் ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தான். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற தடித்த குழாயை முழங்கை வரை கையை விட்டுத் தடவினான். அதன் பக்கத்தில் போகிற மெல்லிய ரப்பர் ஓஸைக்கூட வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தான். நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"எங்கயும் ஓட்டை இல்லண்ணே. வாங்க, ஒரு ரவுண்டு போவோம்."

மலைப்பாதையில் அவசரமே ஓட்டினான். மூன்றாவது வளைவில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்து, முழுதாக மிதித்தான். வண்டி சிட்டாகப் பறந்தது. திரும்பி வந்து இன்னொரு முறை ஏறினான். அப்போதும் அப்படித்தான். டிரைவர் பக்கத்து சீட்டில், வண்டி நின்றுவிடாதா நின்றுவிடாதா என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு டிரைவர் தன் வண்டி நடுவழியில் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

மேலே ஒரு திருப்பத்தில் அவசரம் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணே, உண்மையச் சொல்றேன். என்னால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல."

டிரைவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். கீழே ஊரின் கூரைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று முதலாளியின் கொட்டகை.

"அப்ப என் காலுதான்," என்றான்.

"என்ன காலு?"

"முட்டி வலி இருக்கு. மிதி கொறையுதோ என்னவோ. மொதலாளி சொல்றாரு. வீட்டுலயும் கேக்கறாங்க. நானும்..." அழக் கூடாது என்று நினைத்தான், கண் கேட்கவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டான். "இருபது வருஷம். வேற எந்த வேலையும் எனக்குத் தெரியாது."

அந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது என்று அவசரத்துக்குத் தெரியாது. சங்கடத்தில் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பார்த்ததுதான் நல்லதாகப் போயிற்று.

"மணி என்ன இருக்கும்?" என்றான் திடீரென்று.

"பதினொண்ணு ஆகியிருக்கும்."

"இது ஏன் ரெண்டே முக்கால் காட்டுது?"

"அது தினமும் அப்படித்தான். காலைல பன்னெண்டுல இருந்து ஓட ஆரம்பிக்கும். நான்தான் சரி பண்ணி வைப்பேன். இன்னிக்கு மனசு சரியில்ல, விட்டுட்டேன்."

"தினமும்னா?"

"கட்டாஃப் சாவி இருக்குல்ல. மொதலாளி சாயங்காலம் உருவிடுவாரு."

அவசரம் அவனை முழுதாகத் திரும்பிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த முகத்தில் ஒரு வேகம் தெரிந்தது.

"அட கடவுளே. ஏண்ணே இத மொதல்லயே சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு?"

"புது வண்டின்னா பேட்டரிய எடுத்தாலும் ஞாபகம் வச்சிருக்கும். இது பழைய மாடல். கரண்டு போனா கடிகாரம் மறக்குற மாதிரி, கோளாறு பதிஞ்சதையும் மறந்துரும். சாயங்காலம் நீங்க கோளாறோட வண்டிய விடறீங்க. ராத்திரி மொத்தத்தையும் தொடச்சி வச்சிடறாரு. காலைல கொண்டுபோய்க் காட்டினா கம்ப்யூட்டர் என்ன சொல்லும்? பச்சப்புள்ள மாதிரி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கும்."

டிரைவருக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆனா இப்ப ஓட்டினப்ப நிக்கலையே."

"அதையும் யோசிக்கறேன். உங்க மொதலாளி ஓட்டினப்ப கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல. தனியாத்தான் போனாரு."

"இப்ப நாம ரெண்டே பேரு. நீங்க போறப்ப?"

"என்னோட ஏழு."

அவசரம் தலையில் அடித்துக்கொண்டான். "மெக்கானிக்னு சொல்லிக்கிட்டு என்னத்தக் கிழிச்சேன். வெறும் வண்டிய ஓட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குங்கறது, தூங்குறவனப் பாத்து இருமல் இல்லைங்கற மாதிரி. சாயங்காலம் சவாரிக்கு நானும் வர்றேன்."

மாலையில் அவசரம் கடைசி சீட்டில், மடியில் ஸ்கேனரோடு, இரண்டு நர்சுகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டான். நீளமான வயர் ஒன்று முன்னால் வரை போயிற்று. காலை எங்கே வைத்தால் வயர் மிதிபடும் என்று தெரியாமல் பெண்கள் சிரித்தார்கள்.

"இவருக்கு என்ன உடம்புக்கு?" என்றாள் ஒருத்தி. "வயரெல்லாம் மாட்டியிருக்கு."

"எனக்கில்லம்மா, வண்டிக்கு. நீங்க பேஷண்டுக்கு மாட்டுறீங்கல்ல, அதே மாதிரி."

மூன்றாவது வளைவு வந்தது. டிரைவர் வழக்கம் போல இரண்டாவது கியருக்கு வந்து மிதித்தான். வண்டி ஏறியது. இன்றைக்கென்று பார்த்து ஏறித் தொலைத்துவிடப் போகிறதே என்று அவன் நினைத்து முடிப்பதற்குள், காலுக்குக் கீழே அந்தத் தளர்ச்சி வந்தது. அவனுக்கு அவ்வளவு பழக்கமான தளர்ச்சி.

"விழுந்துருச்சு!" என்று கத்தினான். தன் குரலில் சந்தோஷம் இருப்பதை அவனே கேட்டான்.

"நிறுத்துங்க. சாவிய மட்டும் அணைக்காதீங்க."

ஓரத்தில் நின்றார்கள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தன. திரையில் வட்டம் சுற்றியது. ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். காத்திருப்பது ரிசல்ட்டுக்காக என்பதால் நர்சுகளுக்கு அது பழக்கம்தான்.

"வந்துருச்சு," என்றான் அவசரம். "டர்போ அழுத்தம் பத்தலைன்னு பதிஞ்சிருக்கு. பத்தாததால கம்ப்யூட்டர் பயந்து போய், இன்ஜினக் காப்பாத்தறேன்னு பவரக் கொறச்சிருக்கு. அணைச்சுப் போட்டா பயம் தெளிஞ்சு ஏறுது."

"அப்படின்னா யாரு மேல தப்பு?" என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

"வண்டி மேல சிஸ்டர். மிதி எவ்வளவு இருந்துச்சுன்னும் இதுல ஓடுது. அண்ணன் முழுசா மிதிச்சிருக்காரு."

டிரைவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் ரோட்டையே பார்த்தான். திரும்பிப் பார்த்தால் முகம் தெரிந்துவிடும்.

அன்றும் மெஷின் சிவப்பைக் காட்டியது. தலைமை நர்ஸ் இறங்கும்போது, "நாளைக்கு ஆபீஸ்ல நானே சொல்றேண்ணா, உங்க தப்பு இல்லைன்னு," என்றார். பிறகு, "எங்க அரை நாளுங்க திரும்பி வராது. அது வேற விஷயம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அவசரம் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, வண்டியின் முன்னால் வலது ஓரமாக விலகி நின்றான்.

"அண்ணே, உள்ள உக்காந்து கைபிரேக்க நல்லா இழுத்துக்கங்க. கியர் போட்டு, இடது கால்ல கிளட்ச லேசா விடுங்க. வண்டி நகரவும் கூடாது, இன்ஜின் அணையவும் கூடாது. வலது கால்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. மலை ஏறுற மாதிரி இன்ஜின் திணறணும். முடியுமா?"

டிரைவர் உட்கார்ந்தான். முட்டி வலித்தது, வலி வலியாக இருக்கட்டும் என்று விட்டான். கிளட்ச் பிடிக்கிற அந்த மயிரிழை இடம் அவன் பாதத்துக்குத் தெரியும். அங்கே போய் நின்றான். இன்ஜின் உறுமியது. வண்டி முன்பக்கம் எழும்பி நடுங்கியது, ஆனால் ஓர் அங்குலம் நகரவில்லை.

"அப்படியே! அப்படியே நில்லுங்க. இன்னும் கொஞ்சம்... ஆ!"

அவசரம் குனிந்தான். "கண்டேன். போதும், விடுங்க. எறங்கி வாங்க. இப்ப நான் உக்காந்து மிதிக்கறேன், நீங்க பாருங்க."

அவசரத்துக்கு இரண்டு தடவை இன்ஜின் அணைந்துவிட்டது. மூன்றாவது தடவைதான் நின்றது. "உங்க காலு வேறண்ணே," என்று உள்ளேயிருந்து கத்தினான்.

டிரைவர் பார்த்தான். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கட்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. இன்ஜின் திணறும்போதெல்லாம் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்தது. சாய்கிறபோது, காலையில் அவசரம் உறிஞ்சிப் பார்த்த அந்த மெல்லிய ரப்பர் ஓஸ், ஓர் இரும்புப் பட்டையின் விளிம்பில் நசுங்கித் தட்டையானது. டர்போவைத் திறந்து மூடுகிற வேலை அந்த ஓஸுக்குத்தான். மிதியை விட்டதும் இன்ஜின் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஓஸ் உப்பி முன்போலாயிற்று, ஒன்றும் நடக்காத மாதிரி.

"கூடம் கோணல்தாண்ணே," என்றான் அவசரம், பானெட்டைச் சாத்திக்கொண்டே. முதலாளியின் பழமொழியை டிரைவர் காலையில் சொல்லியிருந்தான். இருவரும் சிரித்தார்கள். டிரைவர் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தான். பல நாளாகச் சிரிக்காததால் விலா வலித்தது.

ஓஸைப் பட்டையிலிருந்து விலக்கி ஒரு கம்பியால் கட்டிவிட்டு, கீழே இறங்கினார்கள். வழியில் மனைவிக்குப் போன் செய்தான். "கால் இல்ல, ஓஸு," என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பதிஞ்சத அழிக்காம விட்டு வச்சிருக்கேன்," என்றான் அவசரம். "உங்க மொதலாளி தன் கண்ணாலயே பாக்கட்டும்."

முதலாளி அதே நாற்காலியில் இருந்தார். அவசரம் பானெட்டைத் திறந்து கிழிந்த கட்டையைக் காட்டினான். நசுங்கிய தடத்தைக் காட்டினான். முதலாளி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, விரலால் தொட்டுவிட்டு, வேட்டைக்காரனுக்குத் தடயம் கிடைத்த மாதிரித் தலையை ஆட்டினார்.

"நான் அப்பவே நெனச்சேன், வண்டில ஏதோ இருக்குன்னு."

டிரைவர் அவசரத்தைப் பார்த்தான். அவசரம் ஸ்கேனரை நீட்டினான். "இதையும் பாருங்க சார். வளைவுல எப்ப விழுந்துச்சு, அண்ணன் எவ்வளவு மிதிச்சிருந்தாருன்னு எல்லாம் இதுல இருக்கு. தினமும் கட்டாஃப் பண்றதாலதான் இத்தன நாளு இது அழிஞ்சு போச்சு."

முதலாளி திரையைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் எனக்குப் புரியாதுப்பா. அந்தப் பொட்டி சொல்றத எல்லாம் நம்ப முடியுமா? கட்டைய நாளைக்கு மாத்திடு." பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "ஆமா, இத்தன நாளா நீதானே ஓட்டற. இன்ஜின் ஆடுறது உனக்குத் தெரியலையா? இருபது வருஷ சர்வீஸுங்கற. அப்பவே கட்டையப் பாருங்கன்னு சொல்லியிருந்தா, ஆஸ்பத்திரிக்காரன்கிட்ட எனக்கு இந்த அவமானம் உண்டா?"

டிரைவர் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வேலை நின்றுவிட்டது என்று எண்ணிக்கொண்டு காலையில் கிளம்பியவனுக்கு, அது திரும்பக் கிடைத்திருக்கிற நேரம். வாயை மூடிக்கொண்டான்.

"சரி விடு. நாளைக்குக் கட்டைய மாத்திட்டு வழக்கம் போல சவாரிக்குப் போ. அந்த ஆள வேணாம்னு சொல்லிடறேன்."

"மொதலாளி," என்றான் அவன் மெதுவாக. "ஒரே ஒரு விஷயம். இனிமே அந்தச் சாவிய உருவாம விட்டீங்கன்னா, நாளப்பின்ன ஏதாவது வந்தா பொட்டில நிக்கும். யாருக்கும் சந்தேகம் வராது."

முதலாளி அவனை ஒரு கணம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளை எதையோ கேட்டால் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அது வேற, இது வேற," என்றார்.

சீட்டுக்குக் கீழே கையை விட்டார். டிரைவர் திறந்திருந்த கதவு வழியாக டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். மத்தியானம் அவன் சரி செய்து வைத்த கடிகாரம், பச்சை எண்களில் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. எண்கள் அணைந்தன. முதலாளி சிவப்புச் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, வெளியிலிருந்து ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.